மலிவு மாவா, விலை மாவா?

(அம்பாங் வட்டாரத்து இல்லத்தரசிகளுக்கான சமையற்பயிற்சி நாள் ஒன்றில் ஆற்றப்பெற்ற உரை)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் மேலோட்டமாகப் பார்ப்போருக்கு மிகச் சிறியதாகத் தோன்றலாம். வீட்டிலே ரொட்டி, கேக், பிஸ்கட் செய்வதற்கு எந்தக் கோதுமை மாவை வாங்குவது என்பதுதான் அது. கடையில் ஒரு ரிங்கிட்டும் சில்லறையுமாக விற்கும் மாவும் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே, அதே வெண்மை நிறத்தில், அதே ஒரு கிலோ எடையில், மூன்று மடங்கும் நான்கு மடங்கும் விலை குறிக்கப்பட்ட மாவும் இருக்கிறது. இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, எதைத் திரும்ப வைப்பது என்று தயங்கி நிற்காத பெண்கள் இங்கே எத்தனை பேர் இருப்பீர்கள்?

இந்த அம்பாங், 1857-ஆம் ஆண்டில் கிள்ளானிலிருந்து ஆற்று வழியே வந்த ஈயத் தொழிலாளர்கள் காட்டை வெட்டி ஈயம் தேடிய இடம். ஈய லம்பங்களும் ரப்பர்த் தோட்டங்களும் இருந்த நிலத்தில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. உங்களில் பலர் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்து இங்கு வந்து குடியேறியவர்கள். இன்னும் தோட்டங்களிலேயே வாழும் உறவினர்களும் உங்களுக்கு உண்டு. பட்டணத்துப் பேரங்காடியில் பத்து வகை மாவு அடுக்கி வைத்திருக்கிறார்கள். தோட்டத்துக் கடையிலோ ஒரே வகை மாவுதான். ஆகவே இங்கிருப்போர் 'எதை வாங்குவது' என்று கேட்கிறார்கள். அங்கிருப்போர் 'இருப்பதை வைத்து எப்படிச் செய்வது' என்று கேட்கிறார்கள். இரண்டு கேள்விக்கும் விடை ஒன்றேதான் என்பதை இப்போது விளக்க விரும்புகிறேன்.

இந்தப் பொருளை நான் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணம் உண்டு. இதுபோன்ற முந்திய வகுப்பு ஒன்றில் ஒரு சகோதரி எழுந்து, "அம்மா, நான் வீட்டில் பன் செய்து அக்கம்பக்கத்தில் விற்கிறேன். முதலில் சாதாரண மாவில் செய்தேன். பன் கல்லைப்போல் இருந்தது. மாவுதான் மட்டம் என்று எல்லாரும் சொன்னார்கள். விலை உயர்ந்த மாவுக்கு மாறினேன். இப்போது பன் ஓரளவு நன்றாக வருகிறது, ஆனால் மாதக் கடைசியில் கையில் ஒன்றும் நிற்பதில்லை," என்றார். மூன்று பிள்ளைகளின் பள்ளிச் செலவை அந்தப் பன்னை நம்பி நடத்தும் பெண் அவர். அவருடைய பன் கல்லானதற்கு மாவு எவ்வளவு பொறுப்பு, செய்முறை எவ்வளவு பொறுப்பு என்று கணக்கிட்டுப் பார்த்தால், மாவின் பங்கு சிறிதே என்று தெரியவந்தது. அந்தக் கணக்கைத்தான் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இந்த மாவு எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். கோதுமை நம் நாட்டில் பயிராவதில்லை. ஆஸ்திரேலியா, அமெரிக்கா, கனடா முதலிய நாடுகளிலிருந்து கப்பலில் வருகிறது. 1960-களின் நடுப்பகுதியில்தான் பேராக்கில் உள்ள லூமுட்டிலும், அன்று போர்ட் சுவெட்டன்ஹாம் என வழங்கிய இன்றைய கிள்ளான் துறைமுகத்திலும் பெரிய மாவு ஆலைகள் இயங்கத் தொடங்கின. அதற்குமுன் மாவாகவே மூட்டை கட்டி வந்தது. இப்போது கோதுமையை இறக்கி இங்கேயே அரைக்கிறார்கள். ஆகவே கடையில் உள்ள மலிவு மாவு, விலை மாவு ஆகிய இரண்டுமே பெரும்பாலும் ஒரே துறைமுகத்தில் இறங்கிய வெளிநாட்டுக் கோதுமைதான். மலிவானது என்பதால் அது வேறு ஏதோ மட்டமான தானியத்தில் செய்தது என்று எண்ணிவிட வேண்டாம்.

அப்படியானால் அதன் விலை ஏன் குறைவு? அரசாங்கம் அதனைக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருளாக வைத்து, உதவித்தொகை கொடுத்து, மக்களுக்குக் கிடைக்கச் செய்ததே முக்கியக் காரணம். பொதுப் பயன்பாட்டுக் கோதுமை மாவில் 25 கிலோ மூட்டைக்கு வழங்கிய உதவித்தொகை 2016 மார்ச் 1-ஆம் தேதி நிறுத்தப்பட்டது. ஒரு கிலோ பொட்டலம் மட்டும் குடும்பங்களுக்காக 1 ரிங்கிட் 35 சென் என்னும் விலையில் தொடர்ந்தது. 2022-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உக்ரேனில் போர் மூண்டு, உலகச் சந்தையில் கோதுமை விலை மார்ச்சு மாதத்திலேயே உச்சத்தைத் தொட்டதும், மே மாதத்தில் இந்தியா கோதுமை ஏற்றுமதிக்குத் தடை விதித்ததும் உங்களுக்கு நினைவிருக்கலாம். அத்தகைய வேளைகளில் விலை கட்டுப்படுத்தப்பட்ட அந்தச் சிறிய பொட்டலத்தின் அருமை குடும்பத்தை நடத்துவோருக்கு நன்றாகவே தெரியும். எனவே அதன் விலை குறைவு அதன் தரத்தை எடுத்துக்காட்டுவதன்று.

விலை உயர்ந்த மாவில் நீங்கள் எதற்குப் பணம் கொடுக்கிறீர்கள் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். சில மாவுகளில் புரதச்சத்து மிகுந்த கோதுமைக்காகக் கொடுக்கிறீர்கள். சிலவற்றில், கோதுமை மணியின் நடுப்பகுதியை மட்டும் பிரித்தெடுத்து மிக வெண்மையாக அரைத்ததற்காகக் கொடுக்கிறீர்கள். வேறு சிலவற்றில், வெளிநாட்டு ஆலையில் அரைத்து, அழகிய தாள்பையில் அடைத்து, கப்பலேற்றி அனுப்பிய செலவுக்காகக் கொடுக்கிறீர்கள். இத்தாலிய மாவுப் பையில் '00' என்று காண்கிறோம். ஜெர்மானிய மாவில் 405, 550 என்ற எண்கள் உள்ளன. இவற்றைக் கண்டு மலைத்துப் போக வேண்டாம். மாவை எரித்தால் எஞ்சும் சாம்பலின் அளவைக் கொண்டு இடப்பட்ட எண்கள் இவை. 405 என்றால், ஈரம் நீங்கிய 100 கிராம் மாவில் ஏறத்தாழ 405 மில்லிகிராம் சாம்பல் என்பது பொருள். தவிடு குறையக் குறையச் சாம்பலும் குறையும், மாவும் வெண்மையாகும். ரொட்டி எழும்புமா எழும்பாதா என்பதை அந்த எண் சொல்வதில்லை.

அதைச் சொல்வது வேறொன்று. அது பொட்டலத்தின் பின்புறம், சிறிய எழுத்தில் அச்சிட்ட ஊட்டச்சத்துப் பட்டியலில் இருக்கிறது. 100 கிராமில் புரதச்சத்து எத்தனை கிராம் என்ற வரியைத் தேடுங்கள். 8 அல்லது 9 கிராம் என்றிருந்தால் அது கேக்குக்கு ஏற்ற மென்மையான மாவு. 9 முதல் 11 வரை என்றால் பொதுப் பயன்பாட்டு மாவு. மலிவுப் பொட்டலம் பெரும்பாலும் இந்த வகைதான். 12-க்கு மேல் 14 வரை என்றால் ரொட்டி மாவு. முன்புறத்தில் உள்ள படத்தையும் பொன்னெழுத்தையும் பார்த்து மாவு வாங்குவதைவிட, பின்புறத்தில் உள்ள இந்த ஓர் எண்ணைப் பார்த்து வாங்குவது மேல். கண்ணாடி போட்டுக்கொண்டு கடைக்குப் போங்கள் என்றுகூடச் சொல்வேன்!

புரதம் ஏன் இத்தனை முக்கியம்? கோதுமைப் புரதத்தில் நீர் பட்டுப் பிசைந்தவுடன் அது குளூட்டன் என்னும் பசைச்சத்தாக மாறுகிறது. ரப்பர்போல் இழுபடும் தன்மை அதற்கு உண்டு. பால்மரம் வெட்டிய கைகளுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. ஈஸ்ட் உண்டாக்கும் காற்றை இந்தப் பசைச்சத்துதான் குமிழ் குமிழாகப் பிடித்து வைக்கிறது. அது வலுவாக இருந்தால் ரொட்டி உயரும். குறைவாக இருந்தால் கேக்கு மிருதுவாகும். கேக்கில் இந்தப் பசை வலுத்துவிட்டால் வாயில் ரப்பர்போல் இழுக்கும். எனவே கேக்குக்கு விலை உயர்ந்த ரொட்டி மாவை வாங்குபவர் கூடுதல் பணம் கொடுத்துத் தம் கேக்கைத் தாமே கெடுத்துக்கொள்கிறார். ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில் மரவள்ளிக் கிழங்கை உண்டு உயிர் பிழைத்த கதையை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மரவள்ளி மாவில் இந்தப் பசைச்சத்து அறவே இல்லை. அதனால்தான் அதில் அருமையான பிங்கா செய்யலாம். ரொட்டி செய்ய முடியாது.

இந்தப் பசைச்சத்தைக் கண்ணால் காண வழி இருக்கிறது. இத்தாலி நாட்டுப் பொலோஞா நகரில் பெக்காரி என்னும் அறிஞர் 1728-ஆம் ஆண்டிலேயே இதைச் செய்து காட்டினார். நூறு கிராம் மாவை எடுத்து, சுமார் 60 மில்லிலிட்டர் நீர் விட்டுப் பிசைந்து, அரை மணி நேரம் மூடி வையுங்கள். பிறகு ஒரு கிண்ணத்து நீரில் அந்த உருண்டையை மெதுவாகப் பிசைந்து கழுவுங்கள். வெண்மையான பால்போல் மாவுச்சத்து கரைந்து வெளியேறும். நீரை மாற்றி மாற்றிக் கழுவி, நீர் தெளிவானதும் கையில் எஞ்சுவது சாம்பல் நிறத்து மெல்லிய ரப்பர் கட்டி. அதுதான் பசைச்சத்து. சாதாரண மாவில் ஏறத்தாழ 25 கிராம் ஈரக்கட்டி கிடைக்கும். ரொட்டி மாவில் 35 கிராம் அளவு கிடைக்கும். இதோ, இந்த இரண்டு கிண்ணங்களிலும் காலையிலேயே கழுவி வைத்திருக்கிறேன். வலப்பக்கம் உள்ளது மலிவு மாவு. இடப்பக்கம் உள்ளது விலை மாவு. கையில் எடுத்து இழுத்துப் பாருங்கள். வேறுபாடு உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் மலிவு மாவிலும் பசைச்சத்து கணிசமாக இருக்கிறது என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும். அதை முழுமையாக வெளிக்கொணர்வது நம் கையில்தான் இருக்கிறது.

இதற்கு வெளிநாட்டு நூலில் சான்று தேட வேண்டியதில்லை. நம் ஒட்டுக்கடைகளில் ரொட்டி சானாய் போடுபவரைப் பாருங்கள். மிகச் சாதாரண மாவைத்தான் அவர் பயன்படுத்துகிறார். அதை விசிறிபோல் வீசி, மறுபக்கம் தெரியும் அளவுக்கு மெல்லியதாக இழுக்கிறார். கிழிவதில்லை. நன்றாகப் பிசைந்து, உருண்டை பிடித்து, எண்ணெயோ மார்ஜரினோ பூசி, பல மணி நேரம் ஓய்வாக விட்டுவிடுகிறார் என்பதே அதன் இரகசியம். நீர் பட்ட மாவு ஓய்ந்திருக்கும்போது பசைச்சத்து தானாகவே இழை இழையாகச் சேர்ந்துகொள்கிறது. ரொட்டிக்கும் மாவையும் நீரையும் முதலில் கலந்து சற்று ஓய்வு கொடுத்துவிட்டுப் பிறகு பிசையும் முறையை 1974-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு ரொட்டி ஆசிரியர் கல்வெல் வகுத்துச் சொன்னார். நம் சானாய்க் கடைகளிலும் ஏறக்குறைய அதே வேலைதான் நடக்கிறது.

இனி, பன் கல்லான அந்தச் சகோதரியின் விவரத்துக்கு வருகிறேன். அவர் பின்பற்றியது ஒரு வெளிநாட்டுச் செய்முறை. அது ரொட்டி மாவுக்காக எழுதப்பட்டது. புரதம் மிகுந்த மாவு அதிக நீரைக் குடிக்கும். 500 கிராம் ரொட்டி மாவுக்கு 310, 320 மில்லிலிட்டர் நீர் பொருந்தும்; அதே எடையுள்ள சாதாரண மாவுக்கு 280 மில்லிலிட்டர் அளவே போதும். அவர் புத்தகத்தில் கண்டபடி நீரை ஊற்றினார். மாவு கையில் ஒட்டியது. ஒட்டாமலிருக்க மேலும் மேலும் மாவைத் தூவினார். உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றின் அளவு பொருந்தாமல் போயிற்று. இது முதற் காரணம்.

இரண்டாவது காரணம் நம் நாட்டு வெப்பம். 'ஒன்றரை மணி நேரம் உப்ப விடுக' என்று அந்நூலில் எழுதியவர் குளிர்நாட்டுச் சமையலறையில் நின்று எழுதினார். அம்பாங் அடுக்குமாடி வீட்டில், நண்பகல் வேளையில், சமையலறை 32 பாகைக்குக் குறைவதில்லை. இங்கே முக்கால் மணி நேரத்திலேயே மாவு இரு மடங்காகிவிடும். மேலும் விட்டுவைத்தால் குமிழ்கள் உடைந்து அமிழ்ந்துபோகும். பிறகு ஓவனில் எழும்ப அதில் வலு இருக்காது. ரொட்டி மாவு இந்தத் தாமதத்தைக் கொஞ்சம் தாங்கும். சாதாரண மாவு தாங்காது. எனவே விலை மாவு அவருக்கு உதவியதுபோல் தோன்றியது. உண்மையில் அது தாமதத்தைத்தான் மன்னித்தது. கடிகாரத்தைப் பார்த்து வேலை செய்திருந்தால் அந்தப் பணம் அவர் கையில் நின்றிருக்கும்.

சாதாரண மாவில் மிருதுவான ரொட்டி செய்யும் முறையை இப்போது சொல்கிறேன், வேண்டுவோர் குறித்துக்கொள்ளலாம். மொத்தம் 500 கிராம் மாவு. அதில் 25 கிராமை முதலில் தனியே எடுத்து, 125 மில்லிலிட்டர் நீரில் கட்டியில்லாமல் கரைத்து, சிறு தீயில் கிளறிக் கூழாக்குங்கள். கரண்டி சென்ற தடம் தெரியும்போது இறக்கி ஆறவிடுங்கள். கூழ் காய்ச்சத் தெரியாத தமிழ்ப் பெண் யார்? கிழக்காசிய நாடுகளில் மிருதுவான ரொட்டிக்கு இம்முறையைப் பெரிதும் கையாளுகிறார்கள். வெந்த மாவுச்சத்து நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் ரொட்டி மறுநாளும் காய்ந்து போகாது. பிறகு எஞ்சிய 475 கிராம் மாவில் ஆறிய கூழையும், 150 மில்லிலிட்டர் குளிர்ந்த நீரையும் சேர்த்துக் கலந்து, மூடி, அரை மணி நேரம் விட்டுவிடுங்கள். பிசைய வேண்டாம். அந்த நேரத்தில் வேறு வேலையைப் பாருங்கள்.

அரை மணி கழித்து, ஒன்றரை தேக்கரண்டி ஈஸ்ட்டை 20 மில்லிலிட்டர் நீரில் கரைத்து ஊற்றி, இரண்டு மேசைக்கரண்டி சீனி, ஒன்றேகால் தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி எண்ணெய் அல்லது மார்ஜரின் சேர்த்துப் பத்துப் பன்னிரண்டு நிமிடம் நன்றாகப் பிசையுங்கள். சிறு துண்டை எடுத்து விரல்களால் விரித்தால் மெல்லிய சவ்வுபோல் விரிய வேண்டும், அதுவே பதம். இரு மடங்காகும் வரை, அதாவது நம் வெப்பத்தில் ஏறத்தாழ 45 நிமிடம், மூடி வையுங்கள். காற்றை நீக்கி உருட்டி, எண்ணெய் தடவிய இரண்டு சிறிய ரொட்டி டின்களில் இட்டு, மீண்டும் அரை மணி முதல் நாற்பது நிமிடம் உப்பவிட்டு, 180 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் சுட்டெடுங்கள். டின்னில் இடச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. சாதாரண மாவு தட்டில் தனியே நின்றால் பக்கவாட்டில் பரவும். டின்னின் சுவர் இருபுறமும் தாங்கினால் மேல்நோக்கி உயரும். பன் செய்வதானாலும் ஒன்றையொன்று தொட்டு நிற்குமாறு நெருக்கமாக அடுக்குங்கள்.

கேக்கைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. 'சுப்பர்பைன்' என்று விற்கப்படும் மென்மாவு கேக்குக்கு நல்லதுதான். ஆனால் இன்றியமையாதது அன்று. 250 கிராம் மாவு வேண்டிய இடத்தில் 220 கிராம் சாதாரண மாவும் 30 கிராம் வெண்ணிறச் சோள மாவும் எடுத்து, இரண்டு முறை சலித்துக் கலந்தால், புரதம் குறைந்து மென்மாவுக்கு நிகராகிவிடும். மாவைச் சேர்த்தபின் அதிகம் கலக்காதீர்கள். 'நாயேக் செண்டிரி' என்று பொட்டலத்தில் எழுதியிருப்பது பேக்கிங் பவுடர் முன்கூட்டியே கலந்த மாவு. 250 கிராம் சாதாரண மாவில் மூன்று தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் ஒரு சிட்டிகை உப்பும் கலந்தால் அதே மாவை வீட்டிலேயே பெறலாம். அதைக் கொண்டு ஈஸ்ட் ரொட்டி செய்ய முயல வேண்டாம். பிஸ்கட்டுக்கும் அன்னாசி டார்ட்டுக்கும் மலிவு மாவே உகந்தது. விலை மாவில் செய்தால் பிஸ்கட் கடினமாகும். பாவுலு செய்யும் மலாய்த் தாய்மார்கள் சாதாரண மாவை வெறும் சட்டியில் வறுத்தோ வெயிலில் காயவைத்தோ ஈரத்தைப் போக்கிவிட்டுப் பயன்படுத்துவதைப் பார்த்திருப்பீர்கள். மாவை மாற்றவில்லை, மாவைப் பக்குவப்படுத்தினார்கள்.

அப்படியானால் விலை உயர்ந்த மாவே வேண்டாமா என்று கேட்பீர்கள். அப்படிச் சொல்லவில்லை. டின் இல்லாமல் தனியே நிற்கும் உருண்டை ரொட்டி, வெண்ணெயும் முட்டையும் மிகுதியாகச் சேரும் இனிப்பு ரொட்டி, பழமும் பருப்பும் சுமக்க வேண்டிய ரொட்டி ஆகியவற்றுக்கு ரொட்டி மாவு தக்க பயன் தரும். அப்போதும் உள்நாட்டு ஆலையின் ரொட்டி மாவே போதும். அதனினும் பல மடங்கு விலையுள்ள இறக்குமதி மாவு வீட்டு ஓவனில் என்ன அதிசயம் செய்துவிடும் என்பது எனக்கு ஐயமே. சாதாரண மாவையும் ரொட்டி மாவையும் பாதிக்குப் பாதி கலந்து செய்வது பலருக்கு நிறைவளிக்கும் நடுவழி.

கணக்கையும் பார்த்துவிடுவோம். வீட்டில் ஒரு வெண்ணெய்க் கேக்குக்கு 250 கிராம் மாவு, அதே அளவு வெண்ணெய், அதே அளவு சீனி, ஐந்து முட்டை. கிலோ 1 ரிங்கிட் 35 சென் விலையில் மாவுச் செலவு ஏறத்தாழ 34 சென். கிலோ 4 ரிங்கிட் மாவு என்று வைத்துக்கொண்டால் 1 ரிங்கிட். வேறுபாடு 66 சென்தான். அதே கேக்கில் வெண்ணெய்க்கும் முட்டைக்கும் ஆகும் செலவோ பல ரிங்கிட். ஆண்டுக்கு ஒரு முறை தீபாவளிக்குக் கேக்குச் செய்பவர் 66 சென்னுக்காகக் கவலைப்பட வேண்டியதில்லை, விருப்பமானதை வாங்கட்டும். ஆனால் ரொட்டி விற்பவரின் நிலை வேறு. ரொட்டியில் மாவுதான் முதற் பொருள். வாரம் 20 கிலோ மாவு செலவழிப்பவருக்கு, கிலோவுக்கு 2 ரிங்கிட் வேறுபட்டால் வாரத்துக்கு 40 ரிங்கிட், மாதத்துக்கு 160 ரிங்கிட். ஒரு குடும்பத்தின் மின்சாரக் கட்டணமும் பள்ளிப் பேருந்துக் கட்டணமும் அதில் அடங்கக்கூடும்.

இங்கே ஒரு செய்தியைக் கூறியாக வேண்டும். உதவித்தொகை பெற்ற ஒரு கிலோ பொட்டலம் குடும்பப் பயன்பாட்டை எண்ணி வழங்கப்படுவது. விற்பனைக்காகப் பெருமளவில் செய்வோர், பொட்டலம் பொட்டலமாக அள்ளிச் சென்று அடுத்த வீட்டாருக்கு இல்லாமல் செய்வது முறையன்று. 1961-ஆம் ஆண்டு வழங்கல் கட்டுப்பாட்டுச் சட்டம் இத்தகைய பொருள்களுக்காகவே இருக்கிறது. தொழிலாகச் செய்வோர் 25 கிலோ மூட்டை வாங்குவதே நேரானது. சில்லறையில் வாங்கும் ரொட்டி மாவைவிட அதுவும் மலிவாகவே முடியும். நான்கு பெண்கள் சேர்ந்து ஒரு மூட்டை வாங்கிப் பங்கிட்டுக்கொள்ளலாம். ஐயம் இருந்தால் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் அலுவலகத்தில் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

ஆட்டா மாவைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். நம் சமூகத்தில் நீரிழிவு நோய் மிகுதி என்பதால் அது நல்ல கேள்வி. ஆட்டா முழுக் கோதுமையை அரைத்தது, நார்ச்சத்து அதிகம். பொட்டலத்தில் புரதம் 12, 13 என்று இருக்கும். அதைப் பார்த்து ரொட்டி மாவுபோல் எழும்பும் என்று நம்பிவிட வேண்டாம். அந்தப் புரதத்தில் ஒரு பங்கு தவிட்டிலும் முளையிலும் உள்ளது, அது பசைச்சத்தாவதில்லை. தவிட்டுத் துகள்கள் பசை இழைகளை அறுக்கவும் செய்யும். மூன்று பங்கு வெள்ளை மாவுக்கு ஒரு பங்கு ஆட்டா என்று தொடங்கி, நீரைச் சிறிது கூட்டிக்கொண்டு, வீட்டாருக்குப் பழகப் பழக ஆட்டாவின் பங்கை உயர்த்துங்கள்.

மலிவு என்ற பெயரில் வாங்கக்கூடாத மாவும் ஒன்று உண்டு. பெயரும் தேதியும் இல்லாமல், ஞெகிழிப் பையில் கடைக்காரர் தாமே கட்டி வைத்த மாவு அது. எந்த மூட்டையிலிருந்து, எப்போது பிரித்தது என்று யாருக்கும் தெரியாது. பிடித்தால் கட்டி கட்டியாக இருந்தாலோ, பூஞ்சை வாடை வீசினாலோ இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கிய மாவைக் காப்பதும் சிக்கனத்தில் சேர்ந்ததே. நம் நாட்டு வெப்பத்திலும் ஈரத்திலும் மாவு வண்டு விரைவில் பெருகும். அதன் முட்டை கண்ணுக்குத் தெரியாது. வாங்கி வந்த பொட்டலத்தை அப்படியே நான்கு நாட்கள் குளிர்பெட்டியின் உறைபகுதியில் வைத்தெடுத்தால் முட்டையும் புழுவும் அழியும். வெளியே எடுத்தபின் பொட்டலத்தைப் பிரிக்காமல் அறை வெப்பத்துக்கு வரவிடுங்கள். இல்லையேல் மாவில் ஈரம் கோக்கும். அதன்பின் இறுக மூடும் டின்னில் இட்டு, தரையில் படாமல் வையுங்கள். பழைய மாவின்மேல் புதிய மாவைக் கொட்டாதீர்கள். டின்னைக் காலி செய்து, துடைத்து, காயவைத்த பின்னரே கொட்ட வேண்டும். ஆட்டாவில் முளையின் எண்ணெய் இருப்பதால் அது சீக்கிரம் காறிப்போகும். ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள்.

பக்கத்து மேசையில் தராசும் மாவும் வைத்திருக்கிறோம். கூழ் காய்ச்சி ஆறவைத்தாயிற்று. இருவர் இருவராக வந்து, முதலில் 475 கிராம் நிறுத்தெடுங்கள்; கோப்பையால் அள்ள வேண்டாம். நீரை நான் ஊற்றுகிறேன்.